நிறுத்தும்போது ஓடிய கேமரா

முதல் காட்சியைத் திறந்தால் மகினோவின் இடது காலணி தெரிந்தது. நாற்பது விநாடி அது அசையாமல் நின்றது. பிறகு வலது கால் வந்து இடது காலைச் சொறிந்துவிட்டுப் போனது.

"டெஸ்ட் பண்ணினதா இருக்கும்" என்றாள் மகினோ. எங்கள் பள்ளி ஒலிபரப்புக் குழுவில் கேமரா அவள் பொறுப்பு. இரண்டாவதைத் திறந்தோம். கடல் தடுப்புச் சுவரின் சிமெண்ட், அதன்மேல் ஓர் எறும்பு. மூன்றாவதில் வானம், நான்காவதில் தொமொயேவின் முதுகு, ஐந்தாவதில் மறுபடி காலணி. மொத்தம் முப்பத்தேழு காட்சிகள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் வறுபட்டு எடுத்ததில், நாங்கள் எடுக்க நினைத்த ஒன்றுகூட இல்லை. எறும்பு மட்டும் கச்சிதமான ஃபோகஸில் இருந்தது.

விஷயம் முதலில் தொமொயேவுக்குத்தான் பிடிபட்டது. ஒலிப்பதிவு அவள் வேலை. துடைப்பக் கட்டையில் மைக்கைக் கட்டி நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்ததில் கை வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அடியே மகினோ, நீ பட்டனை அமுக்கி 'ஓடுது'ன்னு சொன்னப்பல்லாம் அது நின்னிருக்கு. 'நிறுத்திட்டேன்'னு சொன்னப்பல்லாம் ஓடியிருக்கு."

காலையில் பையிலிருந்து எடுக்கும்போதே எங்கேயோ விரல் பட்டிருக்கிறது, கேமரா ஓட ஆரம்பித்திருக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். நான் "ஆக்‌ஷன்" என்றதும் தூங்கப் போய், "கட்" என்றதும் கண் விழித்திருக்கிறது அந்த மகராசி. சாதாரணமாக இப்படி நடந்தால் உடனே தெரிந்துவிடும். முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும், திரை மூலையில் சிவப்புப் புள்ளி மினுக்கும். விளக்கு ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னது யார்? நான். ஃபிரேம் சுத்தமாகத் தெரிய வேண்டும், புள்ளி, எண், கோடு ஒன்றும் கூடாது என்று அத்தனையையும் அணைக்கச் சொன்னது யார்? அதுவும் நான்தான், இயக்குநர் சயோரி. மகினோ இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. கேமரா மகினோவின் அண்ணனுடையது. அவர் ஞாயிறு இரவே, மெமரி கார்டை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு ஒசாகாவுக்கு ரயிலேறிவிட்டார். அன்றைக்குச் செவ்வாய். படத்தை வியாழக்கிழமை கொடுக்க வேண்டும், சனிக்கிழமை பள்ளி விழா. விளையாட்டுக் கூடத்தில், அறுநூறு பேர் முன்னால், ஊதுகுழல் குழுவுக்கு அடுத்ததாக எங்களுக்கு எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அது என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். தலைப்பு 'முகமற்றவள்'. தன் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற ஒரு பதினாறு வயதுப் பெண். படம் முழுக்க அவளைப் பின்னாலிருந்துதான் பார்ப்போம். அல்லது குளியலறையின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் கலங்கிய நிழலாக, ஃபோகஸ் இல்லாத ஒரு வெள்ளைத் திட்டாக. கடைசிக் காட்சியில் கடலைப் பார்த்து நின்று மாஸ்க்கைக் கழற்றுவாள், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி. குழுவில் மூன்றே பேர் என்பதால் அந்தப் பெண்ணாக நடித்ததும் நானேதான். "கடைசி வரைக்கும் மூஞ்சிய காட்டலைன்னா பாக்கிறவனுக்கு என்னதாண்டி குடுக்கிற?" என்று தொமொயே கேட்டபோது, காட்டாமல் காட்டுவதுதான் சினிமா என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

உண்மை இதுதான். எனக்குச் சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். பல்லும் சின்னது இல்லை. ஆறாம் வகுப்புச் சுற்றுலாப் புகைப்படத்தைப் பார்த்து ஒருவன், சயோரி சிரிச்சா குதிரை கொட்டாவி விடுற மாதிரி இருக்கு என்றான். அவ்வளவுதான், ஒரு வரி. அடுத்த வசந்தத்தில் தொற்று வந்தது, எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். ஊருக்கெல்லாம் கெட்ட காலம், எனக்கு மட்டும் சாமி வரம் கொடுத்தது போலிருந்தது. இந்த ஏப்ரலில் மாஸ்க் இனி அவரவர் விருப்பம் என்று பள்ளியில் அறிவித்தபோது பாதிப் பேர் கழற்றினார்கள், மீதிப் பேர் கழற்றவில்லை. முக ஜட்டி என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஜட்டியை யாராவது நடுக் கூட்டத்தில் கழற்றுவார்களா? சாப்பிடும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். ஒன்றரை வருஷமாகத் தினமும் கூட இருக்கும் மகினோவும் தொமொயேவும்கூட என் வாயைப் பார்த்ததில்லை.

இருபத்து மூன்றாவது காட்சியை மகினோ திறந்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். தொமொயேவும் மகினோவும் பின்னால், கடல் பக்கம். வழக்கம்போல அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய நான், ஓடவில்லை என்று நம்பிய கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தேன். சோற்று உருண்டையைக் கடித்தேன். நாள் முழுக்கக் கறுப்புத் தலைமுடியையே பார்த்துச் சலித்திருந்த கேமரா, முகம் ஒன்று கிடைத்ததும் ஆசையாகப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு துல்லியம். பின்னால் மங்கலாகத் தொமொயே எழுந்து நின்று கணக்கு சார் மாதிரி பேசிக் காட்டுகிறாள். கையில் குச்சி, குச்சி நுனியில் பொரித்த கோழித் துண்டு. அதை ஆட்டி ஆட்டி, "இது ஏன் புரியலை, இதுல புரியாம இருக்க என்ன இருக்கு" என்று அவள் சொல்லும்போது, வானத்திலிருந்து ஒரு பருந்து இறங்கிக் கோழித் துண்டைக் கொத்திக்கொண்டு போனது. தொமொயே குச்சியைப் பார்க்கிறாள். வானத்தைப் பார்க்கிறாள். "சார், அதுக்குப் புரிஞ்சிடுச்சு" என்கிறாள் மகினோ.

சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்த நான், மறுபடி முன்னால் திரும்பிச் சிரித்தேன். அதைச் சிரிப்பு என்று சொன்னால் போதாது. வாயில் பாதிச் சோறு, மூக்கு நுனியில் ஒரு பருக்கை, கண் காணாமல் போய், ஈறு மொத்தமும் வெளியே வந்து, மூச்சு வாங்க முடியாமல் தொடையில் அடித்துக்கொண்டு, அடங்கி, பருந்து நினைவு வந்து மறுபடியும். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

நான் பாய்ந்து திரையைக் கையால் மறைத்தேன். எனக்குக் காதெல்லாம் கொதித்தது. பிறகு தொமொயே மெதுவாக, "உனக்குப் பல்லு இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தாண்டி தெரியும்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

"சயோரி, இதுதான் நம்ம படம்" என்றாள் மகினோ.

"அழி."

"நீ எழுதினதைவிட இது நல்லா இருக்கு."

"அழின்னு சொல்றேன்ல."

மகினோ கம்ப்யூட்டரிலிருந்து கார்டை உருவி என் கையில் வைத்தாள். "உன் மூஞ்சி. அழிக்கிறதுன்னா நீயே அழிச்சுக்கோ. என் கையால நான் செய்ய மாட்டேன்." அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கார்டைப் பாக்கெட்டுக்குள் நசுக்கிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அழிக்கத்தான் போனேன், சத்தியமாக.

அம்மா டவல் ஆலையில் குறை பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். எட்டு மணி நேரம் வெள்ளைத் துணியில் பிசிறு தேடும் கண்ணுக்கு, வீட்டில் ஒன்றை மறைக்கிற பெண் தெரியாமல் போவாளா. சமையலறை மேசையில் கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்த என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். "யாரு அது, தொமொயேவா, கோழியோட" என்றாள். அதற்குள் பருந்து வந்துவிட்டது. அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள், எத்தனையோ பெண்கள் அப்படித்தான் சிரிக்கிறார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். திரையில் என் சிரிப்பு வந்தது, அம்மாவின் கை இறங்கவில்லை.

"இதையா விழாவில போடப் போறீங்க?"

"இல்ல. அழிக்கப் போறேன்."

"ஆமா, அழிச்சிடு கண்ணு. அப்படியே என் வாய் மாதிரி இருக்கு. அறுநூறு பேர் முன்னாடி வேணாம்." விரல்களுக்கு நடுவிலிருந்துதான் அதையும் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "உன் வாய்க்கு என்ன?" என்று கேட்டேன். அம்மா முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். பதினாறு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எவன் என்ன சொன்னானோ, எந்த வகுப்பிலோ. குதிரையா, வேறு ஏதாவதா. முகம் தெரியாத அந்தப் பையன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைச் சொன்னவன்மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன்.

புதன்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து காட்சிகளை வெட்டி ஒட்டினோம். "பயமா இருந்தா ஓரத்துல கொஞ்சம் மங்கல் பண்ணிடலாம், ஃபில்டர் போட்டு ஈறைக் குறைக்கலாம்" என்றாள் மகினோ, என் முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் என்றேன். "பாட்டு போடலாமா?" என்றாள் தொமொயே. அதுவும் வேண்டாம், காற்றுச் சத்தமே இருக்கட்டும் என்றேன். கேமராவோடு இணைத்திருந்த மைக்கை என் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுத்தான் அவள் கோழி தின்னப் போயிருந்தாள். காற்றோடு என் சிரிப்பும் ஒரு சிதறல் இல்லாமல் விழுந்திருந்தது. முதல் ஐந்து நிமிடம் முழுக்கத் துண்டு துண்டுகள். காலணி, எறும்பு, முதுகு, தலைமுடி, "இன்னும் இடது பக்கம் தள்ளு, மூஞ்சி தெரியுது" என்று கத்துகிற என் குரல், "மங்கலாத்தான் இருக்கணும்" என்கிற என் குரல், "ஐயோ தெரியுதுடி" என்கிற என் குரல். எதுவும் நான்கு விநாடிக்கு மேல் நிற்காது. ஒரு பெண் தன்னை ஒளிக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்று இத்தனை அப்பட்டமாக என்னால் எழுதியிருக்க முடியாது. அதன்பிறகு சாப்பாட்டுக் காட்சி, ஒரே ஷாட், வெட்டே கிடையாது. தலைப்பை மட்டும் தொமொயே மாற்றினாள். 'முகமற்றவள்' போய் 'மதியச் சாப்பாடு' வந்தது. சண்டை போடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விளையாட்டுக் கூடத்தில் ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை போட்டு, ஊதுகுழல் குழுவின் வியர்வை நாற்றம் போகாமல், அடுப்பு மாதிரி இருந்தது. நாங்கள் மூவரும் கடைசி வரிசைக்கும் பின்னால், புரொஜெக்டர் பக்கத்தில். என் மாஸ்க் மூச்சுக்கு மூச்சு உதட்டில் ஒட்டி விலகியது. காலணி வந்தது, இரண்டு பேர் சிரித்தார்கள். எறும்பு வந்தது, இன்னும் நாலு பேர். "ஐயோ தெரியுதுடி" மூன்றாவது முறை வந்தபோது கூடம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. யாரோ இருமினார்கள். ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். தொமொயே என் சட்டைக் கையை அந்தப் பக்கமும், மகினோ இந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரையில் மாஸ்க்கைக் கழற்றினேன். மூன்று ஆள் உயரத்துக்கு என் முகம். எங்கள் வகுப்புப் பக்கமிருந்து, "டேய், அது சயோரிடா" என்று ஒரு குரல் வந்தது. அதில் ஆச்சரியம் இருந்தது, கேலியும் இருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. பருந்து இறங்கியது. கூடம் மொத்தமும் ஒரே மூச்சில் அலறிச் சிரித்தது. அதற்குப் பிறகு பருந்து இல்லை, நான் மட்டும்தான், சிரிப்பு நிற்கவில்லை, இன்னும் பெரிதாகியது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்களா? இந்த இருட்டில், இத்தனை முதுகுக்குப் பின்னால் நின்று அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

திரையில் என் வாய் முழுசாகத் திறந்தது. என் முன்பற்கள் ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம், பளீரென்று வெள்ளை. அந்த வெள்ளை அவ்வளவு வெளிச்சமாக இருந்ததால் இருட்டாகக் கிடந்த கூடத்தில் முன் வரிசைகள் சட்டென்று தெரிந்தன. தோள்கள் குலுங்குவது, ஒருத்தி பக்கத்திலிருப்பவள்மேல் சாய்வது, எல்லாம் என் பல் வெளிச்சத்தில். ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் முதுகுதான், முகம் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பு ஓடும் என்று எனக்குத் தெரியும். தொமொயேவின் கையிலிருந்தும் மகினோவின் கையிலிருந்தும் என்னை விடுவித்துக்கொண்டு, அந்த முகங்களைப் பார்க்கச் சுவரோரமாக முன்னால் நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிசையாகத் தாண்டத் தாண்ட வெளிச்சம் என் காலணியில் ஏறி, முழங்காலுக்கு வந்து, கைக்கு வந்தது.