கணப்பில் காய்ந்த பிளாப்பி

மெட்ராஸிலிருந்து வந்த புது சிஸ்டத்தை கிளார்க் ஜோசப்பின் நேற்றுத்தான் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நல்ல சோலி பார்த்தாள், போங்கள்! இன்றைக்கு ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் திறக்கவே மாட்டேன் என்கிறது. பிரசவ வார்டில் வள்ளிக்கு ரத்தம் நிற்காமல் போகிறது. சிலோன் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே கேரட் காட்டில் கூலிக்குப் போகிற பெண், முதல் பிள்ளை. பிள்ளை பிழைத்துவிட்டது. தாய்க்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும், லேசில் கிடைக்காதது.

பழைய பேர்ச் சீட்டுகளைப் பார்க்கலாமென்றால், அதுதான் கம்ப்யூட்டர் வந்தாச்சே என்று எல்லாவற்றையும் குளிர்காயக் கணப்பு மூட்டவே எரித்துத் தீர்த்திருந்தார்கள், மகராசர்கள்.

"புதுசைத் தூக்கிட்டுப் பழைய சிஸ்டத்தைப் போடும்மா, வெரசா!" என்று கத்தினார் டாக்டர் ஞானவேல்.

ஐப்பசி மழையில் கொடைக்கானலில் பூஞ்சை பிடிக்காத பொருள் ஏது? தீப்பெட்டி, ஸ்வெட்டர், ஜெபப்புத்தகம் எல்லாமே கணப்பின்மேல் கவிழ்த்த கூடையில்தான் காயும். ஜோசப்பினும் நல்ல மனசோடுதான் பழைய சிஸ்டம் பிளாப்பியை அங்கே வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் அப்பளமாக நெளிந்து கிடந்தது.

பெருமாள்மலை எஸ்டேட் ஆபீஸில் இதே பழைய சிஸ்டம் உண்டு. போனோ மழையில் செத்துக் கிடந்தது. வாசலில் ஜீப் டிரைவர் லூர்துசாமி நின்றார்.

"அண்ணே, ஓடுங்க! அவங்க பிளாப்பியக் கேட்டு வாங்கிட்டு வந்துருங்க."

"இந்தா, கெளம்பிட்டேன் தங்கச்சி."

ஜீப் போன பிறகு டாக்டர் ஒருத்தரையும் விடவில்லை. ஆயா, வாட்ச்மேன், சமையல்காரர், ஜோசப்பின், வள்ளியின் புருஷன் சோலைமுத்து என்று அகப்பட்டவர்களையெல்லாம் குத்திப் பார்த்தார். யாருக்கும் சேரவில்லை.

"மாதாவே, என் கையை முறிச்சுப் போடு, அந்தப் பிள்ளைய விட்டுரு" என்று புலம்பிக்கொண்டே கிடந்தாள் ஜோசப்பின்.

வழியில் மரம் விழுந்து கிடக்க, ஜீப்பை விட்டிறங்கி, மீதித் தூரம் நடந்தே போய் வாங்கி, திரும்ப ஜீப் ஏறி வந்தார் லூர்துசாமி. முழுக்க நனைந்திருந்தார், பிளாப்பி மட்டும் பனியனுக்குள் பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருந்தது. ஜோசப்பின் புதுசை அழித்துப் பழையதை ஏற்றினாள். பட்டியல் திறந்தது. ஓ நெகட்டிவில் ஒரே ஒரு பேர்தான்.

"யாரு தங்கச்சி? எந்த ஊரு? ஜீப்பு சூடாத்தான் கெடக்கு, நான் போய்க் கூட்டியாறேன்."

போன வருஷம் கோயில் திருவிழாவில் அவர் கொடுத்த ரத்தம். அது என்ன வகை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஐயோ, நீங்கதாண்ணே! உங்களத்தான் நான் தொரத்தி விட்டேன்!"

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடுகிறபோதே லூர்துசாமி ஈரச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வார்டில் சோலைமுத்து தரையில் உட்கார்ந்திருந்தான். வள்ளியின் முகத்தைப் போர்வையால் மூடியிருந்தது.

"எடுங்க டாக்டர், எவ்வளவு வேணும்னாலும் எடுங்க" என்று கையை நீட்டினார் லூர்துசாமி.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார்.

"சட்டைக் கையை எறக்கி விட்டுக்கங்க, லூர்துசாமி" என்றார்.