பன்னிரண்டு ‘ஆம்’

திரையில் அடுத்த பார்சலின் படம் வந்து விழுந்தது. மழையில் நனைந்து மை கரைந்துபோன விலாசம். பெரியக்கா கண்ணைச் சுருக்கி எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தாள், தட்டினாள், பொத்தானை அமுக்கினாள். அடுத்தது. இயந்திரத்தால் படிக்க முடியாத விலாசங்களைப் படித்து அடித்துக் கொடுப்பதுதான் அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேருக்கும் வேலை. மணிக்கு நானூறு அடித்தால் போதும். பெரியக்கா நானூற்றைம்பது அடிப்பாள். பதினோரு வருடமாக அடிக்கிறாள். வரிசையில் வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிடைக்கிற இமைப்பொழுதில் அவள் உடம்பின் பாரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். இடுப்புக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது மாதிரி இருந்தது. அந்தப் பிழிசல் இடது தொடை வழியாக ஆடுசதைக்கு இறங்கியது. கணுக்காலுக்குக் கீழே வலிகூடத் தெரியவில்லை. வெறும் மரக்கட்டை.

“என்னக்கா, நாற்காலியில முட்டை கிட்டை வெச்சிருக்கீங்களா? இப்படி நெளியிறீங்க?” என்றார் பக்கத்து இருக்கை வாத்தியார். வாத்தியார் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் இல்லை. விலாசத்தில் பிழை கண்டால் கோபப்படுவார், அவ்வளவுதான்.

“முட்டை இல்ல, முள்ளு. நீங்க உங்க திரையைப் பாருங்க.”

“பாத்துக்கிட்டேதான் பேசுறேன். இங்க ஒருத்தன் தன் வீட்டு நம்பரையே அடிச்சு அடிச்சு மூணு தடவை எழுதியிருக்கான். வீடு எதுன்னு இவனுக்கே சந்தேகம். பார்சல் வாங்க ஆசை மட்டும் குறையல. டாக்டர் சீட்டைக் குடுத்தாச்சா?”

“குடுத்து நாலு நாளாச்சு. பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

டாக்டர் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி. வேலையினால் வந்த முதுகுத்தண்டு பாதிப்பு. நான்கு வாரம் முழு ஓய்வு. அதன்பின் தொடர்ந்து அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது. எழுதாமல் வாயால் சொன்னது இன்னொன்று: “இப்படியே உக்காந்துகிட்டிருந்தீங்கன்னா இந்தக் காலை இழுத்துக்கிட்டுதான் நடக்கணும். அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்ல.”

கம்பெனியின் சட்டத்தில் அந்த முதல் வரிக்குத்தான் உயிர் இருந்தது. வேலையினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டால் நான்கு வாரமும் இருக்கை அவளுக்காகக் காத்திருக்கும். இல்லையென்றால் பத்து நாளுக்கு மேல் வராதவரின் இருக்கை, வேலை கேட்டு நிற்பவர்களின் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பட்டியல் ரொம்ப நீளம்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் மேஜை விளிம்பைப் பிடித்தாள். பின்புறத்தை முன்னுக்குத் தள்ளி, இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து எழுந்தாள். அதற்குள் மேஜைமேல் இருந்த சின்ன விளக்கு சிவந்துவிட்டது. தொண்ணூறு விநாடி விசை தட்டாவிட்டால் விளக்கு சிவக்கும். ஒரே நாளில் மூன்று முறை சிவந்தால் கூடத்தைக் கண்காணிக்கிற சிரிப்பு சார் வருவார். அவர் யாரையும் திட்டியதே கிடையாது. பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, “வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிப்பார். அப்படி அடிக்கடி சௌக்கியம் விசாரிக்கப்பட்ட இரண்டு பேர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நலத்துறை அறையில் சிரிப்பு சாரும் நல மேடமும் இருந்தார்கள். இருவருக்கும் முதுகு முழுவதும் வலை பின்னிய, தலை சாய்த்துக்கொள்ள வசதியுள்ள நாற்காலிகள். மேடத்தின் மேஜை பொத்தானை அமுக்கினால் உயரும், நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். வாங்கிய நாளில் ஒருமுறை உயர்த்திப் பார்த்ததோடு சரி. வருகிறவர்களுக்கு, உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடுகிற பள்ளமான சோபா.

“உக்காருங்கம்மா.”

“நிக்கிறேன் மேடம்.”

“ஐயோ, உக்காருங்க. நீங்க நின்னா எங்களுக்குச் சங்கடமா இருக்கு.”

அவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று பெரியக்கா சோபாவுக்குள் இறங்கினாள். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதி வழி விழுந்தாள். சிரிப்பு சார் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க டாக்டர் வேலையினால வந்ததுன்னு எழுதியிருக்கார்” என்றாள் மேடம். “அவர் நம்ம ஆபீஸைப் பாத்திருக்காரா?”

“இல்ல மேடம். என் முதுகைப் பாத்தார்.”

“அது சரி. ஆனா நீங்களே வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே.” மேடம் ஒரு கோப்பைத் திறந்து காகிதங்களைச் சீட்டு விரிப்பது போல மேஜையில் பரப்பினாள். இருபத்திரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கேள்விகள், பன்னிரண்டு ‘ஆம்’, அடியில் அவளுடைய பணி எண்.

பெரியக்காவுக்குத் தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலையில் திரையைத் திறந்ததும் பார்சலுக்குப் பதிலாக அந்தப் படிவம் வரும். என் நாற்காலியின் உயரம் எனக்குப் பொருந்துகிறது. என் பாதங்கள் தரையில் படிகின்றன. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். ஆமா, இல்லையா? சேர்ந்த புதிதில் அவள் ஒழுங்காகப் படித்து, நாற்காலிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று அமுக்கினாள். படிவம் நகரவில்லை. ‘மேலாளரை அணுகவும்’ என்று சொல்லிவிட்டுத் திரை உறைந்தது. மேலாளர் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்தவர் நாற்காலியைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். ‘இல்லை’யை ‘ஆம்’ ஆக்கிவிட்டுப் போனார். அன்று முந்நூறு பார்சல் அவள் கணக்கில் துண்டு விழுந்தது. அதற்குப் பிறகு அவள் படித்ததே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: “கேள்வியைப் படிக்காதீங்க. பன்னிரண்டு தடவை மடமடன்னு அமுக்கிட்டு வேலையைப் பாருங்க.” வாத்தியார்கூட அவளிடம் கற்றுக்கொண்டதுதான்.

“ஆமான்னு அமுக்கலைன்னா பார்சலே வராது மேடம். அது உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குப் படிவத்துல என்ன இருக்குதோ அதுதான் தெரியும்” என்றாள் மேடம். “அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கிறேன்னு இருபத்திரண்டு தடவை சொல்லியிருக்கீங்க. அப்படி நடந்தவங்களுக்கு முதுகுவலி எப்படி வரும்?”

“சார், என் விளக்குக் கணக்கை எடுத்துப் பாருங்க” என்றாள் பெரியக்கா சிரிப்பு சாரிடம். சோபாவிலிருந்து பேசியதால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. “நான் எந்திரிச்சிருந்தா அது சிவந்திருக்கணும்ல?”

சிரிப்பு சாருக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விளக்குக் கணக்கு அவருடைய செல்லப்பிள்ளை. கணினியில் தட்டினார். “போன வருஷம் முழுக்க… மூணே மூணு. அட! கூடத்துலயே நீங்கதாம்மா முதல்.”

“பாத்தீங்களா? வருஷத்துக்கு மூணு தடவை. சாப்பாட்டு நேரத்தைத் தவிர நான் எந்திரிக்கவே இல்ல. உங்க மெஷினே சொல்லுது. வேலையில உக்காந்து வந்த வலிதானே இது?”

ஜெயித்துவிட்டோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. மேடம் பேனாவை எடுத்து, இருபத்திரண்டு தாள்களிலும் ஒரே கேள்வியைச் சுழித்துக்கொண்டே வந்தாள். நிதானமாக, ஒன்று விடாமல்.

“அப்போ இது எல்லாமே பொய். இருபத்திரண்டு பொய். பொய்த் தகவல் குடுத்தா என்ன நடவடிக்கைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

சிரிப்பு சார் கையை உயர்த்தி மேடத்தை அமர்த்தினார். நல்லவர் வேஷம் அவருக்குத்தான் பொருந்தும்.

“எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? நம்ம அம்மா. பதினோரு வருஷம்.” ஒரு தாளை நீட்டினார். முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். ‘வீட்டில் தண்ணீர் வாளி தூக்கியதால் எனக்கு இடுப்பு வலி ஏற்பட்டது. அலுவலக வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.’ “இதுல ஒரு கையெழுத்து. நாளைக்கே லீவு எடுத்துக்கங்க, படிவ விஷயத்தை மறந்துடுவோம்.”

“என் இடம்?”

“காலி இருந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம்.”

“கையெழுத்துப் போடலைன்னா?”

“வழக்கம்போல வந்து உக்காருங்க. யார் வேண்டாம்னா?” என்று சிரித்தார் அவர்.

நாளை சொல்வதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு அவள் சோபாவிலிருந்து எழப் பார்த்தாள். இரண்டு முறை முயன்றாள். இருவரும் காத்திருந்தார்கள். மூன்றாவது முறை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ஆடுசதை இரண்டையும் நாற்காலிமேல் போட்டிருந்தாள். புருஷன் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். பார்க்கிற வேலையும் உட்கார்ந்துதான், அதனால் அவருக்கு மனைவியின் இடுப்பைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை. தாளைப் படித்ததும் ஈரக்கையோடு வெளியே வந்தார்.

“வாளியா? யாருடி வாளி தூக்கினது? ஆறு மாசமா தண்ணி பிடிக்கிறது நான், துவைக்கிறது நான். அவன் ஆபீஸ்ல உன் இடுப்பை ஒடச்சுட்டு, பழியைக் கொண்டாந்து என் வாளியில போடுறானா?”

“கத்தாதீங்க. தாள் நனையுது.”

“நனையட்டும். அழுக்குத் தாள்.” அவர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். கோபம் இறங்கிக் குரல் தாழ்ந்தது. “சரி, போட்டுத் தொலை. காலு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல. நாலு வாரம் படு. அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம் என்னத்தப் பாக்குறது? இடுப்பு ஒடஞ்சவளை வேற எவன் வேலைக்கு எடுப்பான்? உங்க ஒருத்தர் சம்பளத்துல வாடகை குடுத்துட்டு, மூணு வேளையும் தண்ணியைக் குடிக்கலாம். நீங்கதான் நல்லாப் பிடிக்கிறீங்களே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் சிரித்தால் இடுப்பில் சுளீர் என்றது. நிறுத்திக்கொண்டாள்.

“ஏங்க, நான் பொய் சொன்னேன்னு அந்தப் பொம்பள சொன்னப்போ எனக்குப் பதில் வரல. பொய்தானே. இருபத்திரண்டு தடவை நானே அமுக்கினதுதானே. நாப்பது பேருக்கு நானே சொல்லியும் குடுத்திருக்கேன்.” கை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். “இதுலயும் போட்டா இருபத்திமூணாவது. அதை எழுத என்னால ஆகாது.”

அவர் எழுந்து அவள் கால்மாட்டுக்கு வந்தார். அவள் இடது பாதத்தைக் கையில் எடுத்துப் பெருவிரலை அழுத்தினார். “தெரியுதா?” என்றார். “ம்” என்றாள். அவர் அழுத்துவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை பெரியக்கா தாளைக் கையெழுத்தில்லாமல் சிரிப்பு சாரின் மேஜையில் வைத்தாள்.

“வாளி எல்லாம் நான் தூக்கல சார்.”

“உங்க இஷ்டம்” என்றார் அவர். டாக்டர் சீட்டை நான்காக மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “இது இங்க வந்ததாவே வெச்சுக்க வேண்டாம். அப்போ நானும் இருபத்திரண்டு தாளைப் பாக்கல. சரியா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

பெரியக்கா போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பார்சல்கள் விழத் தொடங்கின. அவள் உட்கார்ந்த விதத்திலேயே வாத்தியாருக்குச் சேதி தெரிந்துவிட்டது.

மதியம் பன்னிரண்டுக்குக் கூடத்துக் கதவு திறந்து நல மேடம் வந்தாள். பின்னால் கழுத்தில் கேமராவோடு ஒரு போட்டோக்காரர். இரண்டு பேர் ஒரு பதாகையைச் சுவரில் கட்டினார்கள். ‘நிமிர்ந்த முதுகு, நிறைந்த வாழ்வு’. தலைமை அலுவலகம் இந்த வாரத்தை முதுகு நல வாரமாக அறிவித்திருக்கிறது, மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும் என்றாள் மேடம். பத்து நிமிடத்துக்கு விளக்குகள் வேலை செய்யாது, யாரும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

“எல்லாரும் எந்திரிங்க! ரெண்டு கையையும் மேல தூக்குங்க. முதுகை நல்லா வளைச்சு, ஆனந்தமா!”

நாற்காலிகள் பின்னுக்கு உருண்டன. முப்பத்தொன்பது பேர் எழுந்து நின்றார்கள். பலருக்கு முழங்கால் சொடக்கு விட்டது. பெரியக்கா மேஜை விளிம்பைப் பிடித்தாள், முன்னுக்கு நகர்ந்தாள், கையை ஊன்றினாள். இடது கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். மறுபடி ஊன்றினாள். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தார்.

“நடுவுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே. படம் கெடுது.”

“அவங்க மெதுவாத்தான் எந்திரிப்பாங்க” என்றார் வாத்தியார்.

“அதுவரைக்கும் இவங்கள்லாம் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கிறதா?” என்றாள் மேடம். “நாற்காலிக்குச் சக்கரம் இருக்குல்ல. நீங்களே கொஞ்சம் ஓரமாத் தள்ளிடுங்க.”

வாத்தியார் தூக்கிய கையை இறக்கினார். பெரியக்காவின் பின்னால் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார். “மன்னிச்சுக்கங்கக்கா” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“தள்ளுங்க. கையைத் தூக்கிட்டு நிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

நாற்காலி, அவள் இடது பாதம் தரையில் உரச, இரண்டு வரிசை மேஜைகளுக்கு நடுவே உருண்டு, பதாகைக்கு அப்பால், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலையில் போய் நின்றது. வாத்தியார் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று கையைத் தூக்கினார்.

“இருங்க, இருங்க” என்றார் போட்டோக்காரர். நடைபாதையின் நடுவில் ஒரு செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு. “யாருதுங்க இது?”

கையைத் தூக்கியபடியே எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மூலையிலிருந்து பெரியக்காவும், யாருடையதோ என்று எட்டிப் பார்த்தாள். போட்டோக்காரர் அதைக் கால் நுனியால் ஒரு மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, எல்லோரையும் சிரிக்கச் சொன்னார்.