பந்தலில் பார்த்த ஓட்டம்

ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் போகும் ஜங்ஷன் பாக்ஸிலேயே விஜயகுமாரி தன் போனையும் சொருகினாள். பெட்டிக்குள் மாமனார் மாரப்பன் படுத்திருந்தார். காலையில் காப்பியைப் பாதி குடித்துவிட்டு மீதியை ஆற வை என்று சொன்னவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார். போனில், மலையின் பச்சைமேல், ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. அது அவளுடைய கணவன் மோகன்ராஜ்.

பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். விடியுமுன்னே எழுந்து தாராபுரம் ரோட்டில் ஓடுவான். சர்க்கரை இருக்கிறவர்கள் நடப்பார்கள், அது அவிநாசிபாளையத்துக்குப் புரியும். சர்க்கரையே இல்லாத ஒருவன் நாற்பது வயசுக்கு மேல் ஓடினால் ஊர் என்னவென்று நினைக்கும்? “யாரு கண்ணு உன்னையத் தொரத்தறது?” என்று மாரப்பனே கேட்டிருக்கிறார்.

கொடைக்கானல் மேல்மலையில் தொடங்கி, காட்டுப் பாதையிலேயே பழனி அடிவாரம் வரை ஓடி முடிக்கிற பந்தயம் அது. வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசியில் நடக்கும். ஒரு வருஷம் முட்டி வீங்கிப் பாதியில் திரும்பினான். அடுத்த வருஷம் மழையில் பந்தயமே நின்றுபோனது. இந்த வருஷம் முடித்தே தீருவது என்று போயிருந்தான். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. முதுகுப் பையில் இருக்கும் சாட்டிலைட் கருவி மட்டும் ஆள் எங்கே இருக்கிறான் என்று புள்ளி வைத்துக் காட்டும்.

“என்ன அம்மிணி சொல்லுது உன்ற போனு?” என்றார் நஞ்சப்பன். மாரப்பனின் தம்பி. சாவு வீட்டு வேலையெல்லாம் காலையிலிருந்து அவர் கையில்தான் இருந்தது.

“பாதி வழியில ஒரு டென்ட் இருக்குதுங்க மாமா. அங்க வயர்லெஸ் இருக்குது. அவரு வந்ததும் சொல்லிருவாங்க.”

“பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்தரோணும். அதுக்கு மேல வெச்சிருந்தா ஆகாது. அவன் வரலீன்னா எம்பட பையன் பிரபாகரு கொள்ளி வெச்சுருவான்.”

“பெத்த மகன் இருக்கறப்ப எப்படிங்க மாமா?”

“இருக்கறானா? எங்க இருக்கறான், காட்டு பாக்கலாம்.”

அவள் போனைக் காட்டினாள். சார்ஜர் வயர் நீளாததால் அவர்தான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சேதி பந்தலுக்குள் பரவியது. எழவுக்கு வந்தவர்கள் மாலையைப் போட்டு, பெட்டிக்குள் ஒரு முறை பார்த்துவிட்டு, போனுக்குள்ளும் ஒரு முறை பார்த்தார்கள். கம்பெனி வேனில் வந்து இறங்கிய டெய்லர்கள், மேனேஜர் சாரைக் காணவந்த மாதிரி புள்ளியைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். மாமியார் காளியாத்தாள் மட்டும் எதையும் பார்க்கவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

புள்ளி டென்ட்டுக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பந்தயக்காரர்களிடமிருந்து போன் வந்தது. “மேடம், சொல்லிட்டோம். அப்படியே உக்காந்துட்டாரு. யார்கிட்டயும் பேசலை. இப்பதான் எந்திரிச்சுக் கெளம்புனாரு.”

“எந்தப் பக்கங்க?” என்று அவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

புள்ளி அசைந்தது. வந்த வழியே திரும்பவில்லை. பந்தயக் கோட்டின்மேலேயே முன்னால் போனது.

நஞ்சப்பன் நிமிர்ந்தார். “அப்பன் செத்தது தெரிஞ்சும் பந்தயத்த முடிக்கப் போறான்” என்றார். சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பந்தலில் எல்லாருக்கும் கேட்டது. “பிரபாகரு, போய்த் தண்ணி வாத்துட்டு வா.”

விஜயகுமாரிக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை போனைப் பார்த்ததும் அந்தக் கோபம் அப்படியே மோகன்ராஜ் பக்கம் திரும்பிவிட்டது. பாதிக்கு மேல் வந்தாயிற்று, முடித்துவிட்டே போவோம் என்று நினைத்துவிட்டானா? அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை என்று அடித்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாக அந்த வெறியைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். கட்டினவனைப் பற்றி இப்படியும் நினைக்க முடிகிறதே என்று வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

காளியாத்தாள் காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “ஏறறானா, எறங்கறானா கண்ணு?”

“எறங்கறாருங்க அத்தை.”

“எறங்கறப்பத்தான் முட்டி வலிக்குதும்பான்” என்றுவிட்டுப் பழையபடி பெட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த தக்காளிச் சாதத்தைப் பந்தலில் ஆளாளுக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். விஜயகுமாரி தொடவில்லை. மத்தியானம் சாய்ந்தபோது, ஈரத் துண்டோடு பிரபாகர் நாவிதருக்கு முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு இதில் இஷ்டமே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லை.

புள்ளி இப்போது ஊரவில்லை. மற்றவர்களின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் தார் ரோட்டைக் கடந்தால் மைதானம், அங்கேதான் பந்தயம் முடிகிறது. புள்ளி ரோட்டுக்கு வந்தது. நின்றது.

“என்ன, நின்னுட்டான்?” என்றார் நஞ்சப்பன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

புள்ளி கோட்டை விட்டு விலகியது. மைதானத்துக்குப் போகாமல் ரோட்டோடு வடக்கே திரும்பி, கண்மூடித் திறப்பதற்குள் வெகுதூரம் போய்விட்டது.

“இதென்ன அம்மிணி, இப்புடி ஓடறான்!”

“ஓடலீங்க மாமா” என்றாள். “கார்ல ஏறிட்டாருங்க.”

அப்போதே போன் அடித்தது. சகாயராஜ். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன். மோகன்ராஜ் மலையின் எந்தப் பக்கம் இறங்கினாலும் கூட்டிவரலாம் என்று பழனியில் காரோடு காத்திருந்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மதினி, அண்ணன் ஏறிட்டாவ. பேச முடியல அவங்களுக்கு. முடிக்கிற இடம் அந்தா தெரியிது, கூப்பிடுத தூரம்தான். வேண்டாம், வண்டிய எடுன்னுட்டாவ.”

“டென்ட்டுலிருந்தே திரும்பீருக்கலாமேன்னு இங்க கேக்கறாங்க சகாயம்.”

“அங்க எங்க மதினி ரோடு? பின்னால திரும்புனா மறுபடி மலை ஏறணும், வீடு வந்து சேர ராத்திரி ஆயிரும். சீக்கிரம் வாறதுக்கு இருந்த ஒரே வழி அதுதான். விழுந்து எந்திரிச்சு ஓடி வந்துருக்காவ.”

நஞ்சப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நாவிதரைப் பார்த்து, “நிறுத்தப்பா” என்றார். பிரபாகருக்கு மீசையில் ஒரு பக்கம் போயிருந்தது. இன்னொரு பக்கத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. வேறு நாளாக இருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

கார் வந்து நின்றபோது வெயில் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. மோகன்ராஜின் கால்களைச் சகாயராஜ்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தான். முட்டி வரைக்கும் சேறு, உள்ளங்கையில் சிராய்ப்பு, நெஞ்சில் குத்திய நம்பர் தாள் அப்படியே இருந்தது. பெண்களின் ஒப்பாரி உயர்ந்தது. பந்தல் கம்பைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தவன் பெட்டிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டான். ஷூவைக் கழற்றக் குனிந்தான். தொடை இழுத்துக்கொண்டது. மறுபடி குனிந்தான், முடியவில்லை. கம்பைக் கட்டிக்கொண்டு தன் கால்களையே பார்த்து விம்மினான்.

விஜயகுமாரி எழுந்தாள். அதற்குள் நஞ்சப்பன் போய்விட்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அண்ணன் மகனின் சேற்றுக் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.

“வேண்டாங்க சித்தப்பா, நீங்க போய்…”

“சும்மா நில்லு.”

ஈரத்தில் இறுகிய முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. அவர் நகத்தால் நிமிண்டினார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். கொட்டடிக்கிறவர்கள் எழுந்து நின்று அவருடைய கையசைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

“நேரமாயிருச்சுங்களா சித்தப்பா?”

“இல்ல கண்ணு, பொழுது நெறைய இருக்குது” என்றார் நஞ்சப்பன், நிமிராமல். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவர் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தார்.