தட்டின் அடியில் பெயர்

1

இந்தக் கதை எப்படி என் தலையில் விழுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபைப் பத்திரிகைக்கு ஒரு கதை வேண்டுமாம். "ஊர்ல யாரப் பாத்தாலும் அடுத்தவங்களோட தன்னை ஒப்பிட்டு ஒப்பிட்டே வாடுறாங்க. கர்த்தருக்கு நம்ம மேல ஒரு மதிப்பு இருக்குன்னு எழுதிக் குடுங்களேன்" என்றார் போதகர் அம்மா. (போதகரின் மனைவியல்ல, அவரேதான் போதகர்.) தலையாட்டித் தொலைத்தேன். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

2

தொடக்கம் ஒன்று: 'மேற்கு நார்வேயின் அந்தக் கடற்கரைக் கிராமத்தில் பனி மெல்ல உருகி...' வேண்டாம். பனி இல்லாமல் நார்வேக்காரர்களான எங்களுக்குக் கதையே எழுத வராதா?

தொடக்கம் இரண்டு: ஆராதனை முடிகிற நேரம் நெருங்கினாலே குன்வோரின் கண் சபைக்கூடத்துக் கதவுக்குப் போய்விடும்.

இது பரவாயில்லை. ஆராதனை முடிந்ததும் சபைக்கூடத்தில் காபி. பெண்கள் வீட்டிலிருந்து கேக் செய்து கொண்டுவருவார்கள். தட்டு மாறிப்போகக் கூடாதென்று அடியில் பெயரெழுதி ஒட்டியிருக்கும்.* யார் தட்டு காலி, யாருடையது மீதி என்றெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. (பொய். எல்லோரும் கவனிப்போம்.)

* பெயரைப் படிக்கத் தட்டைத் தூக்க வேண்டும். எங்கள் ஊரில் தூக்கிப் பார்க்காத ஆளே கிடையாது.

3

சிக்னே, குன்வோரின் ஓரகத்தி. அவளுடைய கிரீம் கேக், காபி ஊற்றி முடிப்பதற்குள் காலி. குன்வோரின் ஆப்பிள் கேக் பாதி திரும்பி வரும். வருஷக்கணக்காக இதே கதை. அந்தப் பாதியைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு அழுவாள். கடைசியில் புருஷன் ஓட்மாரிடம் சொல்லிவிட்டாள்:

"இந்த ஞாயிறோட சரி. இனிமே கோயில் பக்கமே வரமாட்டேன்."

"ஒரு கேக்குக்காகவா கோயில விடுவ?"

"கேக்கு இல்லய்யா. என்னத்தான் பாதி வச்சிட்டுப் போறாங்க."

(இந்த வசனம் என்னுடையதல்ல, ஓட்மார் வந்து சொன்னது. எனக்கு இப்படி ஒன்று தானாக வந்ததுண்டா? எரிச்சலாக இருக்கிறது.)

4

அந்த ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் தருகிற நாள். எங்கள் கோயிலில் பீடத்தைச் சுற்றியிருக்கும் கம்பி அரைவட்டம்தான். மறுபாதியில், செத்துப்போன நம்மவர்கள் முழங்காலிட்டிருப்பதாகச் சொல்வார்கள். குன்வோர் முழங்காலிட்டாள். பக்கத்தில் சிக்னே. பழக்கதோஷம், சிக்னேயின் கையிலிருந்த அப்பத்தை எட்டிப் பார்த்தாள். அதே வட்டம், அதே மெல்லிசு. போதகர் அம்மா எல்லோரிடமும் தனித்தனியே குனிந்து சொல்வதை அவளிடமும் சொன்னார்: "கிறிஸ்துவின் சரீரம், உனக்காகக் கொடுக்கப்பட்டது."

'அவள் உள்ளத்தில் ஓர் ஒளி...' அடித்துவிட்டேன். 'கண்ணீர் ஆறாக...' சே!

அவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: எழுந்திருக்க மறந்துவிட்டாள்.

"அக்கா, எந்திரிங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்று சிக்னே கிசுகிசுத்தாள்.

"இருடி. இதுக்கு நான் ஒண்ணுமே செஞ்சு கொண்டுவரல. சும்மாவே குடுத்துட்டாரே!"

5

முடிவு அ: அன்று ஆப்பிள் கேக் மொத்தமும் காலி. (அப்புறம் கர்த்தர் எதற்கு? கேக்கே காப்பாற்றிவிட்டதே.)

முடிவு ஆ: சிக்னேயின் கேக் தரையில் விழுகிறது. (ஆசைதான். போதகர் அம்மா அச்சில் போடமாட்டார்.)

முடிவு இ, நடந்தது நடந்தபடி: குன்வோர், சிக்னேயின் கேக்கில் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குடி" என்கிறாள். முகத்தில் கள்ளம் இல்லை. இன்னொரு துண்டும் எடுத்துக்கொள்கிறாள். பிறகு ஓட்மாரோடு வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"குன்வோர்! தட்டு!"

"அடடா, மறந்தே போச்சு! அங்கயே இருக்கட்டும்பா. அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்துக்குறேன்."

"எவ்வளவு மிச்சம்னுகூடப் பாக்கலயா?"

"பாக்கலயே. ஏன்?"

ஏனாம்! இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிக் கதையை முடிப்பான்?

தட்டில் எவ்வளவு மிச்சமிருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்துவிட்டேன். நீங்களும் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள். அவளுக்கே வேண்டாத கணக்கு உங்களுக்கு எதற்கு? தட்டைத் துணியால் மூடி, கூடத்தில் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அவ்வளவு துடிப்பாக இருந்தால் நீங்களே போய்த் தூக்கிப் பாருங்கள்.