ஐம்பது என்று சொன்னேன்

ஒரே ஒரு தடவைதான் பூ போடுவேன் என்று சுனில்டா அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பதினொரு வருஷத்துக்கு முன், கடலில் முங்கிச் சிப்பி எடுக்கப்போன கணவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைத்ததே இல்லை. மீனவர்களின் புனிதரான சான் பெத்ரோவின் திருநாளில் அவர் சிலையோடு போகும் படகில் தானும் போய், அந்த இடத்தில் மலர்வளையம் விடச் சம்மதித்ததே பெரிய விஷயம். இதைப் படமாக இயக்குபவள் அவருடைய மகள் ரொசாவுரா.

“இன்னொரு தடவ போடுன்னு மட்டும் கேட்டுராத. அவருக்குப் பூ போடுறேன், உன் கேமராவுக்கு இல்ல.”

காலையிலிருந்து கரையில் எந்த ஃபிலிம் என்றுதான் சண்டை. மிச்சமிருந்தது ஐம்பது, இருநூற்றைம்பது என்று இரண்டு வேகத்தில் ஒவ்வொரு ரோல். இரண்டுமே பகல் வெளிச்சத்துக்கானவை. ஐம்பதுக்கு வெயில் நிறைய வேண்டும். கிடைத்தால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் சுத்தமாக விழும். இருநூற்றைம்பது மூடுபனியிலும் சமாளிக்கும், ஆனால் படத்தில் பொடிமணல் தூவியதுபோல் மணிமணியாகத் தெரியும். ஒளிப்பதிவாளர் உலீசெஸுக்கு அந்த மணியைக் கண்டாலே ஆகாது.

“மணி தெரிஞ்சா தெரியட்டும். இருட்டிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்றாள் ரொசாவுரா.

“பதினோரு மணிக்குப் பனி விலகிரும். என்னைக்கு விலகாம இருந்துருக்கு?”

“போன வருஷம், இதே திருநாளுக்கு.”

“சரி, அதையே போடு” என்றார் என்னிடம். அவருடைய உதவியாளரான நான் கேமராவில் இருநூற்றைம்பதை மாட்டினேன். அவர் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் திருகை அந்த எண்ணில் வைத்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஃபிலிமை மாற்றும் உதவியாளர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவாளர் மீட்டரைத் திருப்பிவிட்டு அதே எண்ணைத் திரும்பச் சொல்ல வேண்டும். பதில் வராமல் நகரக் கூடாது. பதினாறு வருஷமாக நான் நகர்ந்ததில்லை.

படகு புறப்படும் நேரத்தில் பனி விலகி வெயில் அடித்தது. உலீசெஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நெல்டா, ஐம்பதப் போடு.” மாற்றினேன். இருநூற்றைம்பது கரையில் வேனுக்குப் போய்விட்டது. பேண்டு வாத்தியம், வேட்டு, எல்லாப் படகுகளின் சங்கும் ஒரே சமயத்தில். நான் ஐம்பது என்று கத்தினேன். படகுக்காரர் கையை நீட்டினார், ஏறிவிட்டேன்.

சுனில்டா அம்மாள் வளையத்தை விட்டபோது அழவில்லை. குனிந்து, மெதுவாக வைத்தார், தூங்குகிற ஆளின் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டை வைப்பதுபோல. நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கையில் உலீசெஸின் கழுத்தில் மீட்டர் தொங்கியது. திருகு இருநூற்றைம்பதிலேயே இருந்தது.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். வேண்டிய வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஃபிலிமுக்குப் போயிருக்கிறது. லேபில் ஃபிலிமைக் கூடுதல் நேரம் கழுவித் தேற்றலாம்தான். ஆனால் அவர் பயந்த மணிகள் இன்னும் மோசமாக வந்து உட்காரும்.

“உலீசெஸ், மீட்டரப் பாருங்க. உங்க பதிலக் கேக்காம ஏறிட்டேன். தப்பு என்னோடது.”

அவர் பார்த்தார். ரொசாவுராவும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் திரும்பினாள், இன்னொரு தடவை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

உலீசெஸ் திருகை ஐம்பதுக்குக் கொண்டுவந்து லென்ஸின் துவாரத்தை இன்னும் அகலமாகத் திறந்தார். “ஐம்பது” என்றார், தாமதமாக. “எவ்வளவு இருக்கு?”

“ஏழு மீட்டர் ஃபிலிம்தான். நாப்பது விநாடிகூட வராது.”

சும்மா வளையத்தையாவது எடுப்போம் என்று கேமராவை ஓடவிட்டார். அலை அதைப் படகுப் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தது. பலகையில் முட்டி முட்டி நின்றது. சுனில்டா அம்மாள் எங்களைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார்.

“போய்யா. உன்ன வந்து பாத்துட்டுத்தானே போறேன்” என்று குனிந்து, உள்ளங்கையால் அதைத் தள்ளினார்.

சங்குகள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தன. கேமரா ஓடுகிறதா, ஃபிலிம் தீர்ந்துவிட்டதா என்று அந்தச் சத்தத்தில் என் காதுக்குப் பிடிபடவில்லை. ஓடும் அதிர்வு தெரிகிறதா என்று நான் அதன் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தேன். படகின் எஞ்சின் எல்லாவற்றையும் சேர்த்து அதிர வைத்துக்கொண்டிருந்தது.