ஹீரோ கொடுத்த மருந்து

குழந்தைகள் வார்டில் ஒரு பெண் குழந்தை எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை என்ற செய்தியோடு மேனேஜர் படியிறங்கி வந்தபோது, ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவன், வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரும் ஹீரோ என்று கூப்பிடும் இளைஞன். இன்னொருத்தி, அவனுக்குப் பல வருஷம் முன்பே அங்கே சேர்ந்தவள். அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும்.

மேனேஜர் கையில் ஒரு சிரப் பாட்டில் இருந்தது.

"வலிப்பு மருந்து. டாக்டர் எழுதினது குழந்தைங்களுக்கானது. இங்கேர்ந்து போனது பெரியவங்களுக்கானது, ரெண்டு மடங்கு வீரியம். நேத்து சாயங்காலம் கொடுத்திருக்காங்க, புள்ள இன்னும் கண்ணே திறக்கல." சொல்லிவிட்டு நேராக அவளைப் பார்த்தார். "என்னம்மா இது?"

அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது ஹீரோதான். குழந்தையின் அப்பா ஒரு வெல்டர், கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. "நீங்க சினிமாவுல இருக்க வேண்டிய ஆளு தம்பி, இங்க வந்து நிக்கிறீங்களே" என்று அவர் சொல்ல, அவன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அலமாரிக்குள் கை விட்டான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நீலப் பெட்டி. ஓரத்தில் இருக்கும் எண் மட்டும்தான் வேறு. அந்த எண்ணை அவன் பார்க்கவில்லை.

"நான் கொடுக்கல சார்" என்றாள் அவள்.

"கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல பில் போயிருக்கே."

"இவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. என் பேர்ல திறந்து வச்சதுலதான் நேத்து முழுக்க இவரும் பில் போட்டாரு."

"அந்தப் பையனை எதுக்கும்மா இழுக்கறீங்க? தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கங்க. எப்பப் பாரு யார் மேலயாவது எரிஞ்சு விழுந்துட்டே இருந்தா வேலையில எப்படிக் கவனம் இருக்கும்?"

ஹீரோ குனிந்து பில் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். அவள் ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு டைரக்டர் வந்து முடிவு சொல்லும்வரை கவுண்டர் பக்கமே வரக்கூடாது, உள்ளே ஸ்டோரில் இருக்கணும் என்று அவளிடம் சொல்லிவிட்டு மேனேஜர் மாடி ஏறிப் போனார்.

அவனைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் கேட்டவர்கள் அடிக்க வருவார்கள். வேலைக்கு வந்த அன்றே அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஜன்னலும் காலியாக இருந்தாலும் கூட்டம் அவன் ஜன்னலுக்குத்தான் வரும். சில்லறை குறைத்துக் கொடுத்தால், "பரவாயில்லப்பா, கூட்டத்துல என்ன பண்ணுவே" என்பார்கள். அதே தப்பை அவள் செய்தால் மாடிக்குப் புகார் போகும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது மாதிரி தெரிந்து வைத்திருந்தான், அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

சொன்னான். எல்லாவற்றையும் சொல்லவில்லை. வேலையில் ஒரு தப்பு, பழி வேறொருத்தி மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் சொன்னான்.

அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல், சிரிக்கும்போது எப்போதும் கையால் மறைத்துக்கொள்வாள். "உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்குடா கோபம் வரும்? அப்பாவோட ரேடியோவைப் போட்டு உடைச்சது நீ, முதுகுல வாங்கினது நான். மறந்துட்டியா? நான் இல்ல, நான் இல்லன்னு கத்தினேன். பொய் வேற சொல்றியான்னு இன்னும் ரெண்டு விழுந்துச்சு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு அவன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்குப் போனான். குழந்தை ஒரு தடவை லேசாக முனகியதாகவும், மறுபடி மயக்கத்தில் இருப்பதாகவும் நர்ஸ் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"சார், அந்த மருந்தைக் கொடுத்தது நான்தான்."

மேனேஜர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "நல்ல மனசுப்பா உனக்கு. கூட வேலை பாத்தவங்களுக்கு வேலை போகுதேன்னு உனக்கு மனசு கேக்கல."

"இல்ல சார், நிஜமாவே..."

"புரியுதுப்பா. இதுக்கெல்லாம் நீ பலியாகாதே. டைரக்டர்கிட்ட பேசிட்டேன். குழந்தைங்க மருந்து எல்லாத்துக்கும் இனிமே நீதான் பொறுப்பு. ஜனங்களுக்கு உன் மேல ஒரு நம்பிக்கை இருக்கு, அது எல்லாருக்கும் அமையாது."

அறையை விட்டு வெளியே வந்தவன் மெதுவாகப் படியிறங்கினான். நேற்றுவரை மாட்டிக்கொள்வோமோ என்றுதான் பயம். இப்போது வந்த பயம் வேறு. தான் என்ன செய்தாலும் மாட்டிக்கொள்ளவே மாட்டோம் போலிருக்கிறதே என்ற பயம். இன்னொரு குழந்தை வரும். இன்னொரு நீலப் பெட்டி வரும். யாரும் அவன் கையைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டோரில் அவள் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு."

"ஓ."

"என்னைப் பொறுப்பா போடறாங்களாம். எனக்குப் பயமா இருக்கு மேடம். நான் எடுக்கறதை எல்லாம் நீங்க ஒரு தடவை சரிபாத்தீங்கன்னா..."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "நான் சரிபாத்துக்கிட்டே இருக்கணும், நீ நல்ல பேரு வாங்கிட்டே இருக்கணும். நல்லாருக்கு தம்பி. முதல்ல எனக்கு இங்க வேலை இருக்கான்னு தெரியல." மறுபடி பெட்டியை எடுத்து அடுக்கினாள். "அந்தக் குழந்தையோட அப்பா மாடியில உக்காந்திருக்காரு. போய்ப் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாடிப்படி அன்றைக்கு ஏற ஏற முடியாமல் நீண்டது. வார்டு வாசலில் பெஞ்சில் வெல்டர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, குழந்தையின் காலைப் பிடித்தபடி அம்மா. இவனைப் பார்த்ததும் அந்த மனுஷன் எழுந்து நின்றார். "வாங்க தம்பி. பாக்க வந்தீங்களா?" அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது.

"மருந்தை மாத்திக் கொடுத்தது நான்தான். அவங்க இல்ல. பாக்காம எடுத்துக் கொடுத்துட்டேன்."

அவர் முகம் மாற ஒரு கணம் ஆயிற்று. "நீயா?" என்றார். சட்டைக் காலரை அவர் பிடித்தபோது ஹீரோ கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். மேனேஜர் அறையில் டைரக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பையன் பதட்டத்துல ஏதோ உளர்றான்" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"உளர்றானா?" வெல்டர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "என் கையில கொடுத்தவன் இவன் சார். இவன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பாட்டிலைக்கூடப் பாக்காம வாங்கிட்டுப் போனேன். மறக்கக்கூடிய மூஞ்சியா இது?"

டைரக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டது. சில நாளில் அப்பா தோளில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனது. ஹீரோவுக்கு வேலை போனது. ஆனாலும் டைரக்டர், "எதிர்காலம் இருக்கிற பையன், ராஜினாமான்னு எழுதிக் கொடுத்துடு, நல்ல சர்ட்டிஃபிகேட் தர்றோம்" என்றுதான் சொன்னார். அவளைத் திரும்பக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். மேனேஜர் அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. ஹீரோ கேட்டான்.

"சரி" என்றாள். "இனிமே எங்க போனாலும் படிச்சுப் பாத்துக் கொடு. தப்பு பண்ணினாலும் உன்னை யாரும் பிடிக்க மாட்டாங்க. அதான் எனக்குக் கவலையா இருக்கு."

இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடை. முதலாளியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உண்மையைச் சொல்ற பையன் கிடைக்கிறதே கஷ்டம். திங்கக்கிழமை வந்துடு" என்றார்.

இப்போது ஒவ்வொரு பெட்டியையும் வெளிச்சத்தில் பிடித்து, பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படித்த பிறகுதான் கொடுக்கிறான். ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நேற்று ஒரு அம்மா, "எவ்வளவு பொறுப்பான பிள்ளை, பாரேன்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"நீங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்கம்மா" என்றான்.

"நீ கொடுத்தா சரியாத்தான் இருக்கும் ராஜா" என்று சிரித்தபடி, பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். அவன் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.