மூடி இல்லாத லேசர்

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு லேசர் வெட்டும் மிஷினைத் தேர்ந்தெடுக்க அன்புச்செல்வி ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள். காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்ததும் போனைத் திறப்பாள். ஒயிட்ஃபீல்டில் இறங்கும்வரை அதே வேலைதான். சாயங்காலம் திரும்பும்போதும் அதே. பக்கத்தில் உட்காரும் ரெபேக்கா அதே கம்பெனியில் அவளோடு பார்சலுக்கு லேபிள் ஒட்டுகிறவள். முதல் மாதம் பொறுத்துக்கொண்டாள், இரண்டாம் மாதம் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாத்துகினே கீற."

"இதுல மேல எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ள கீறது ஒண்ணு. பாத்துதான வாங்கணும்."

"மாப்பிள்ளையும் அப்படித்தான். என்னைக் கேளு, நான் சொல்றேன்."

எதிர் சீட்டில் தூங்குவதுபோல் இருந்த பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள்.

மிஷினைப் பற்றி அன்புச்செல்வி சொன்னது உண்மைதான். நாற்பது வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது மிஷின் இழுக்கும் கரண்டின் கணக்கு. முனையிலிருந்து ஒளியாக வெளியே வருவது ஐந்து வாட்தான். ஐந்து வாட்டை வைத்துக்கொண்டு மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை வெட்ட அதே கோட்டில் ஆறு ஏழு தடவை போய்வர வேண்டும். அதற்குள் ஓரமெல்லாம் கரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அப்படியே நம்பி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தாள்.

கண்ணாடிக் குழாய் வைத்த இன்னொரு வகை இருந்தது. வேகமாக வெட்டும், அக்ரிலிக்கைக்கூட வெட்டும். ஆனால் கிடத்தி வைத்த பீரோ அளவு இருக்கும். குழாய் சூடாகாமல் இருக்க அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் மிஷினுக்கென்று ஒரு பக்கெட்டை ஒதுக்கினால் சண்டைக்கு வர நாலு வீடு உண்டு. அதை விட்டாள். மிச்சம் இருந்தது நிஜமாகவே பத்து வாட் தரும் சின்ன லேசர். அதிலும் இரண்டு விதம். வெறும் சட்டமாக, எல்லாப் பக்கமும் திறந்திருப்பது ஒன்று. அவளுடைய ஒன்றரை மாதச் சம்பளம். பெட்டிக்குள் வைத்து ஆரஞ்சுக் கண்ணாடி மூடி போட்டு, பின்னால் புகையை இழுத்துத் தள்ளும் விசிறியோடு வருவது இன்னொன்று. அது மூன்று மாதச் சம்பளம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் அவளால் நேராகப் பதில் சொல்ல முடியாது. அட்டையில் படங்களைக் கத்தரித்து, ஐந்தாறு அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பின்னால் குட்டி பல்பு வைத்து விளக்கு செய்வாள். முன் அட்டையில் மரக்கிளை, அடுத்ததில் கம்பி வேலி, அதற்குப் பின் மழையில் நிற்கிற ரயில் என்று ஆழமாகப் போகும். பத்து வருடமாகக் கத்தியால் வெட்டி வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிப்போயிருந்தது. இனி மரத்தில் செய்ய வேண்டும் என்று ஆசை. "விக்கவா?" என்று கேட்பார்கள். "இல்ல, சும்மா," என்பாள். கேட்டவர்கள் அதற்குப் பிறகு பேச்சை மாற்றுவார்கள்.

பணம் ஒரு பக்கம் இருக்க, நிஜமான தடை முன் அறைக் கட்டிலில் படுத்திருந்தது. அவளுடைய அப்பா ஆனந்தன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் பிளாஸ்டராக இருந்தவர். பாறையில் துளை போட்டு மருந்து வைத்து வெடிக்கிற வேலை. சுரங்கம் மூடியபோது அவருக்கு மிஞ்சியது நுரையீரலில் படிந்த தூசி. இப்போது லைன் கடைசியில் இருக்கிற குழாய்வரை நடப்பார், வழியில் இரண்டு இடத்தில் நின்று. வீட்டில் புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொசுவத்தி நிறுத்தியாயிற்று. மிளகாய் வறுக்கிற நாளில் அவரை வெளியே உட்காரவைப்பாள். புத்தர் படத்துக்குக்கூட ஊதுபத்தி கிடையாது, அவள் செய்த அட்டை விளக்குதான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் இரண்டு அறைகளும். லேசர் மரத்தை வெட்டுவதில்லை, எரிக்கிறது. எரிந்தால் புகை வரும்.

ஆகவே மூடி போட்டதுதான் வாங்க வேண்டும், பணம் சேர இன்னும் நாலு மாதம் காத்திருக்கலாம் என்று முடிவு செய்தாள். அதை அப்பாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"நாலு மாசமா?" என்றார் ஆனந்தன். "ஏழு மாசமா பாத்துகினு கீற. எனக்காவதான வாங்காத கீற?"

"அதெல்லாம் இல்ல நைனா."

"நாலு மாசம் கழிச்சு நான் இருந்தா மூடி வேணும். இல்லன்னா வேணாம். எதுக்குக் காத்துகினு இருக்கற?"

"வாயக் கழுவு நைனா."

"திறந்தத வாங்கு. பொட்டிய நீயே செஞ்சிக்க. அட்டையில ஊரையே செய்ற, ஒரு பொட்டி செய்யமாட்டியா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில், தான் ஒருவருக்குக் குறுக்கே படுத்திருக்கிறோம் என்கிற வெட்கம் இருந்தது. அவள் மறுநாள் ரயிலில் திறந்த மிஷினுக்கு ஆர்டர் போட்டாள். போட்ட கையோடு தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். எதை வாங்கினாலும் அப்படித்தான் நினைப்பாள் என்பதால் அந்த நினைப்பை அவள் மதிக்கவில்லை.

பக்கத்து வீட்டு கிளமெண்ட் வயரிங் வேலை செய்கிறவர். பெட்டி செய்யும்வரை போதும் என்று பின்னறைச் சுவரில் கொல்லைப்பக்கமாக ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திக் கொடுத்தார். மேஜைமேல் இருந்த மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா செல்வி, தையல் மிஷின் செத்து எலும்புக்கூடு வந்திருக்குதா?"

"ஃபேன் இழுக்குமாண்ணா?"

"சோம்பேறித்தனமா இழுக்கும். நம்ம ஊரு கரண்டுதான அது."

முதல் நாள் கையகல மரத்துண்டில் ஓர் இலையை வெட்டினாள். நீலப் புள்ளி ஒன்று கோட்டோடு நகர்ந்து போயிற்று. கடைசியில் தட்டியபோது இலை தனியாக விழுந்தது. ஓரம் அவ்வளவு சுத்தமாக இருந்ததைப் பார்த்து அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஆனால் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே நின்ற பத்து நிமிடத்தில் தொண்டை எரிந்தது. வெளியே வரக் கதவைத் திறந்ததும் அவளோடு சேர்ந்து புகையும் முன் அறைக்கு வந்துவிட்டது. ஆனந்தன் ஒரு மணி நேரம் இருமினார்.

"யாரோ மொளகா வறுக்கறாங்க," என்றார்.

"யாரும் வறுக்கல நைனா."

அடுத்த வாரம் கதவுக்குக் கீழே ஈரச்சாக்கை அடைத்தாள். அப்போதும் வெளியே வரும்போது கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். மிஷினைத் திருப்பி அனுப்புகிற தேதி தாண்டிவிட்டதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்ததை ஆனந்தன் கவனித்தார்.

"நீ இன்னாத்துக்கு உள்ளயே நிக்கற?"

"நிக்கணும். ஓடறப்ப மிஷினை உட்டுட்டுப் போகக் கூடாதுன்னு அதோட புக்குல மொதல் பக்கத்துல போட்டுகீது."

"போட்டவன் புகையில வேல செஞ்சிருக்கமாட்டான். மருந்து வச்சு, திரி கொளுத்தி, விசிலு குடுத்துட்டா அங்கயே நின்னுகினு இருப்பமா? எல்லாரும் வெளிய. அரை மணி கழிச்சு, புகை போனப்புறம்தான் உள்ள போறது. முன்னாடியே உள்ள போறவன் செத்தவன். இருபத்திரண்டு வருஷம் என் ஷிப்டுல ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆவல."

அவள் யோசித்துப் பார்த்தாள். வெட்டு முடிந்து, ஃபேன் புகையை முழுதும் வெளியே தள்ளிய பிறகு கதவைத் திறந்தால் முன் அறைக்குப் புகை வராதுதான். அந்த வீட்டில் எல்லாரும் பயந்தது புகைக்கு. நெருப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அது நன்றாகவே நடந்தது. அவள் மிஷினை ஓட்டிவிட்டு, கதவைச் சாத்தி, சாக்கை அடைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். ஆனந்தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல்லுக்கிடையில் மெதுவாக ஒரு விசில் கொடுப்பார். போனில் நேரம் பார்ப்பார். தெருவில் போகிறவர்களிடம், "உள்ள பிளாஸ்டிங் நடக்குது, பாத்துப் போ," என்பார். அரை மணிக்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் அவளை எழ விடமாட்டார். உள்ளே போனால் புகை இருக்காது. வெட்டின மரம் சூடாகக் காத்திருக்கும். அவர் இருமவில்லை. மூன்று அடுக்கு முடிந்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலாவது அடுக்கு. மரம் கடையில் வாங்கினதுதான், ஆனால் மழைக்காலத்தில் லேசாக வளைந்திருந்தது. நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். பத்து நிமிடம் கழித்து வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு வாசனை வேறு மாதிரி வந்தது. எழுந்தாள்.

"ஒக்காரு. பாதி நேரம்கூட ஆவல."

"வாசனை ஒரு மாதிரி கீது நைனா."

"பசையா இருக்கும். இப்போ தொறந்தின்னா மொத்தமும் இங்கதான் வரும்."

அவள் உட்கார்ந்தாள். பிற்பாடு யார் என்ன சொன்னாலும், அவள் தன்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது இதைத்தான்: எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன்.

உள்ளே வெட்டுப்பட்ட துண்டு ஒன்று மேலெழும்பி மிஷினின் தலையைத் தடுத்துவிட்டிருந்தது. தலை நகரவில்லை. ஒளி மட்டும் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. கொல்லையில் துணி எடுக்க வந்த கிளமெண்ட் ஃபேன் வழியாகக் கறுப்பாக வருவதைப் பார்த்துக் கத்தினார். அன்புச்செல்வி மெயினை அணைக்க மீட்டர் பக்கம் ஓடினாள். கொல்லைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நெருப்பிடம் போக இருந்த ஒரே வழி முன் அறை.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

வெடிக்காமல் போன மருந்தைப் பார்க்க பிளாஸ்டர்தான் போக வேண்டும், வேறு யாரையும் அனுப்பக் கூடாது. அது சுரங்கத்தில் கட்டளை. ஆனந்தன் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார். குழாய்வரை இரண்டு இடத்தில் நின்று போகிறவர். நெருப்பு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான் இருந்தது. ஒரு குடத்தில் அணைந்துபோயிற்று. ஆனால் அணைந்த பிறகுதான் புகை நிஜமாகக் கிளம்பியது. அவளும் கிளமெண்டும் அவரை வெளியே இழுத்து வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வீட்டுக்கு வந்தபோது மூக்கில் குழாயும், இரவும் பகலும் ஓடுகிற ஆக்சிஜன் மிஷினும் வந்தன. குழாயடிவரை நடப்பது இனி இல்லை. கட்டிலிலிருந்து வாசல்கூட இல்லை.

"பழைய தூசிம்மா," என்றார் டாக்டர். "எப்படியும் இங்கதான் வந்து நின்னிருக்கும். புகை ஒரு சாக்கு."

எப்படியும் என்றால் எப்போது என்று கேட்க நினைத்தாள். நாலு மாதத்துக்கு முன்னா, பின்னா? தலையாட்டினாள். ரயிலில் ரெபேக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் சொன்னதையே சொன்னாள். அதற்கும் தலையாட்டினாள். வெந்துபோன சட்டத்தைக் கிளமெண்ட் எடுத்துப்போனார். அது இருந்த மேஜைமேல் இப்போது கரண்டு போனால் ஆக்சிஜன் மிஷின் ஓட ஒரு பேட்டரி இருந்தது. நாலு அடுக்கில் மிஞ்சிய மூன்றையும் அவள் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆனந்தன் போனை அவள் பக்கம் திருப்பினார். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

"இவன் இருபது வாட்டுன்றான். உள்ள எவ்ளோ?"

அவள் பார்த்தாள். மூடி போட்ட ஒரு மிஷின். யாரோ ஒருவன் அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பான் நைனா. பத்துதான் வரும்."

"பத்து போதும்."

"போதும்."

"மூடி தொறந்தா?"

"தானா நின்னுடும்."

"நல்லா கீது." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். "பத்து மில்லி மரம்?"

"வெட்டாது. ஆறு வெட்டும். எனக்கு மூணே போதும்."

"அப்ப இதையே... வாங்கு."

"வாங்கலாம் நைனா."

எப்போது என்று அவர் கேட்கவில்லை. அதனால், இனி வாங்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் கேள்வியை நிறுத்தவில்லை. வெட்டும் இடம் எவ்வளவு அகலம், கண்ணாடி உடையுமா, தனியாக பல்பு மாற்றலாமா. அவள் ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொன்னாள். ஏழு மாதம் படித்ததெல்லாம் அப்படியே நினைவில் இருந்தது.

"புகை போற குழாய்... எவ்ளோ நீளம்?"

"ஒன்றரை மீட்டர்."

அவர் தலையைத் திருப்பிப் பின்னறையைப் பார்த்தார். மேஜையிலிருந்து ஃபேன் இருக்கும் சுவர்வரை கண்ணாலேயே அளந்தார். அளந்து முடிக்க நேரமானது.

"பத்தாது," என்றார்.

கூடுதல் குழாய் எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டையும் ஒரு கிளிப்பில் இணைத்துவிடலாம். அவள் அதைச் சொல்லவில்லை.

"ஆமா நைனா, பத்தாது," என்று சொல்லிப் போனை அணைத்து அவர் தலைமாட்டில் வைத்தாள்.